நீலகிரியின் நிலமும் காட்டுயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பலவற்றுக்குள்ளே ஒரு தவறான நம்பிக்கை ஒளிந்திருக்கும். கேட்பவர்கள் மேல் தப்பில்லை. சினிமாவும் சுற்றுலா விளம்பரமும் அவர்களுக்குக் காட்டிய மலை அது. ஆனால் அந்த நம்பிக்கைகளால் இங்கே புல்வெளி போயிருக்கிறது, யானைப் பாதை அடைபட்டிருக்கிறது, கருங்குரங்கு வேட்டையாடப்பட்டிருக்கிறது. அதனால் தேவையான இடங்களில் விரிவாகவே சொல்கிறேன்.

ஊட்டியைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சையாக இருக்கிறதே, அத்தனையும் காடுதானே?

இல்லை. சாலையிலிருந்து நீங்கள் பார்க்கும் பச்சையில் பெரும்பகுதி மனிதர்கள் நட்டு வளர்த்தது. தேயிலை 19ஆம் நூற்றாண்டில் வந்த தோட்டப் பயிர். சாலையோரம் நெட்டநெடுகென்று நிற்கும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், 1843 வாக்கில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து சேர்ந்தது. இங்கே சீகை மரம் என்று சொல்லப்படும் வாட்டில் மரத்துக்கும் ஆஸ்திரேலியாதான் சொந்த ஊர். படப்பிடிப்பு நடக்கும் பைன் தோப்புகளும் நட்டவைதான்.

நீலகிரித் தைலம் என்று பாட்டிலில் எழுதியிருப்பதால் அந்த மரம் இந்த மலைக்கே உரியது என்று நினைப்பவர்கள் ஏராளம். இலையைக் காய்ச்சித் தைலம் எடுக்கும் தொழில் இங்கே வேரூன்றியது உண்மை. மரம் இங்கே பிறந்ததல்ல.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கற்பூர மரத்தைக் கொண்டுவந்ததற்கு அன்றைக்கு ஒரு காரணம் இருந்தது. குளிருக்கு விறகு தேவைப்பட்டது. அதற்காகச் சோலைகளை வெட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். வேகமாக வளரும் விறகு மரம் ஒன்று கிடைத்ததால் சில சோலைகள் கோடரியிலிருந்து தப்பின. கேடு வந்தது அதற்குப் பிறகு. தோல் பதனிடச் சீகைப் பட்டையும், சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்கு மரமும் வேண்டும் என்று, விடுதலைக்குப் பின்னும் புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராக நட்டுத் தள்ளினார்கள்.

அப்படியென்றால் இந்த மலையின் சொந்தத் தோற்றம்தான் என்ன?

உச்சிப் பகுதியில், சுமார் 1,800 மீட்டருக்கு மேலே, சோலையும் புல்வெளியும் கலந்த நிலம். குன்றின் முதுகெல்லாம் புல். மடிப்புகளிலும் நீரோடை இறங்கும் பள்ளங்களிலும் மட்டும் அடர்த்தியான சோலை. சோலை மரங்கள் வானளாவ வளராது. கிளைகளில் பாசி தொங்கும், தலைப்பு குடை விரித்தாற்போல் உருண்டிருக்கும், துளிர்விடும் காலத்தில் செம்பும் இளஞ்சிவப்புமாக மாறும். இந்தக் காட்சியை ஓரளவு முழுமையாக இன்று பார்க்க வேண்டுமானால் முக்குருத்தி தேசியப் பூங்கா, அவலாஞ்சி, மேல்பவானி பக்கம்தான் போக வேண்டும்.

மரமில்லாத புல்வெளி என்றால் காடு அழிந்த இடம்தானே? அங்கே மரம் நட்டால் நல்லதுதானே?

நீலகிரிக்கு மிக அதிகமாகக் கேடு செய்த நம்பிக்கை இதுதான். ஆங்கிலேய அதிகாரிகள் இந்தப் புல்வெளிகளைத் தரிசு என்று கணக்கில் எழுதினார்கள். பின்னால் வந்தவர்களும் அந்தக் கணக்கை அப்படியே நம்பினார்கள். 'சும்மா கிடக்கிற நிலம்' என்று நினைத்தே சீகையையும் பைனையும் கற்பூரத்தையும் நட்டார்கள்.

உண்மை வேறு. இங்குள்ள சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் படிந்த கரிமண்ணைத் தோண்டி எடுத்து, அதிலுள்ள கார்பனையும் மகரந்தத் துகள்களையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 20 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல்வெளி இருந்ததை அது காட்டுகிறது. அப்புறம் எப்படி இது மனிதன் காட்டை அழித்ததால் வந்த நிலமாகும்?

மரம் ஏன் அங்கே தானாக வளரவில்லை என்று அடுத்து கேட்பார்கள். உறைபனி ஒரு முக்கியக் காரணம். திறந்த வெளியில் முளைக்கும் சோலை மரக்கன்று, பனிக்காலத்தில் ஒரே இரவில் கருகிவிடும். சோலைக்குள்ளே மரநிழலில் முளைக்கும் கன்று தப்பிக்கும். காற்றும் தீயும் புல் பக்கம் நின்று வேலை செய்கின்றன.

புல்வெளி சும்மாவும் கிடக்கவில்லை. பெய்யும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைகளுக்குக் கசியவிடுவது அதுதான். வரையாடு மேய்வது அதில். நீலகிரி நெட்டைக்காலி என்கிற சின்னப் பறவை மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த புல்வெளிகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. தோடர்களின் எருமைகளும் தலைமுறை தலைமுறையாக இங்கே மேய்ந்தவை. இந்த மலையில் புல்வெளியில் மரக்கன்று நடும் விழா எங்காவது நடந்தால், அருள்கூர்ந்து அதில் கலந்துகொள்ளாதீர்கள். மரம் நட ஆசை என்றால் சோலையின் ஓரத்தில், சோலைக்கே உரிய மரங்களை, தெரிந்தவர்களோடு சேர்ந்து நடுங்கள்.

சரி, சீகையை ஒரேயடியாக வெட்டிவிட்டால் புல்வெளி திரும்பிவிடுமா?

அவ்வளவு சுலபமில்லை. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலும், தீ வைத்தாலும், ஆயிரக்கணக்கில் முளைத்து வரும். வெட்டிய பிறகு ஆண்டுதோறும் நாற்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க ஆளும் பணமும் பொறுமையும் வேண்டும். இன்னொரு சிக்கல்: சில பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே வளரத் தொடங்கியிருக்கின்றன. அங்கே கண்மூடித்தனமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போய்விடும். இடம் பார்த்து முடிவெடுக்க வேண்டிய வேலை இது. என் கருத்தில், இன்னும் மிச்சமிருக்கும் புல்வெளிக்குள் சீகை பரவாமல் தடுப்பதுதான் முதல் வேலை. ஏற்கெனவே அடர்ந்துபோன இடத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஊட்டி ஏரி இயற்கையானதா?

இல்லை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடைகளை மறித்துக் கட்டியது. முதலில் இன்னும் பெரிதாக இருந்தது. ரேஸ் கோர்ஸும் பேருந்து நிலையமும் இருக்கும் பகுதியெல்லாம் ஒரு காலத்தில் ஏரிதான். பைக்காரா, எமரால்டு, அவலாஞ்சி, மேல்பவானி என்று படம் எடுத்துக்கொள்ளும் மற்ற நீர்ப்பரப்புகளும் மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகள். இந்த மலையின் இயற்கையான நீர்நிலை சதுப்புதான். அதைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை.

தொட்டபெட்டாதானே தென்னிந்தியாவின் உயரமான சிகரம்?

தமிழ்நாட்டில் உயரமானது. உயரம் 2,637 மீட்டர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள ஆனைமுடி 2,695 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்னிந்தியாவிலும் அதுவே முதலிடம்.

ஊட்டியில் பனி பெய்யுமா? வீடியோவில் வெள்ளையாகக் கிடந்ததே!

காஷ்மீர் மாதிரிப் பனிமழை இங்கே கிடையாது. நீங்கள் பார்த்தது இரண்டில் ஒன்றாக இருக்கும். முதலாவது உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மேகமில்லாத இரவுகளில், குளிர்ந்த காற்று கனமாகிப் பள்ளங்களில் இறங்கித் தேங்கும். தலைகுந்தா, காந்தல் போன்ற இடங்களில் விடியற்காலையில் புல்லின் மேல் வெள்ளையாகப் படிந்திருப்பது அதுதான். வெயில் ஏறினால் கரைந்துவிடும். தேயிலையும் காய்கறியும் கருகுவதால் விவசாயிகளுக்கு அது வேதனை. இரண்டாவது ஆலங்கட்டி மழை. பலமாகப் பெய்தால் சாலை முழுக்க வெள்ளையாகும். அதைத்தான் 'ஊட்டியில் பனிப்பொழிவு' என்று பரப்பிவிடுகிறார்கள்.

நீலகிரி மாவட்டம் முழுக்க ஒரே குளிர், ஒரே மழைதானே?

இதை நம்பி மசினகுடிக்கு ஸ்வெட்டரோடு வந்து வியர்த்துப் போகிறவர்கள் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கல்லட்டி வழியாக முப்பது கிலோமீட்டர் இறங்கினால் மசினகுடி, சுமார் 1,000 மீட்டர். அங்கே முட்புதரும் வறண்ட காடும்தான்.

காரணம் மலையின் அமைப்பு. தென்மேற்குப் பருவமழை கொண்டுவரும் மேகம் கூடலூர், தேவாலா, நடுவட்டம், குந்தா பக்கம் மோதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மலைக்குப் பின்னால் மறைவில், மசினகுடி இருக்கும் சீகூர் சமவெளிக்கு அதில் சொற்பமே போய்ச் சேரும். கிழக்கே இருக்கும் குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். அதனால் 'ஜூன், ஜூலையோடு மழை முடிந்தது, நவம்பரில் நிம்மதியாக வரலாம்' என்பதும் தவறு. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செங்குத்தான சரிவை வெட்டி வீடும் விடுதியும் கட்டுகிறவர்கள் அந்த ஆண்டை மறக்கக் கூடாது.

பவானி கேரளத்தில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வரும் ஆறுதானே?

பிறப்பது நீலகிரியின் தென்மேற்கு மூலையில். அங்கிருந்து கேரளத்தின் அட்டப்பாடிப் பக்கம் இறங்கி, கிழக்கே திரும்பி, மறுபடி தமிழ்நாட்டுக்குள் வந்து மேட்டுப்பாளையம் வழியாகப் பவானிசாகருக்குப் போகிறது. மலையின் வடக்கே பைக்காரா ஆறு பள்ளத்தாக்கில் விழுந்து மாயாறாகி, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே ஓடி, அதே பவானிசாகரில் சேர்கிறது. ஆக, ஈரோட்டு வயலுக்குப் பாயும் தண்ணீரில் பெரும் பங்கு இந்த மலையின் புல்வெளிகளிலிருந்து கிளம்பியது. மேற்கே போகும் தண்ணீரும் உண்டு. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு புன்னம்புழையாகிச் சாலியாற்றில் கலந்து அரபிக் கடலுக்குப் போகிறது.

வரையாடு நீலகிரியில் மட்டும்தான் இருக்கிறதா? காட்டு ஆடு வகைதானே அது?

இரண்டுமே சரியில்லை. வரையாடு நீலகிரியிலிருந்து தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்து மலைகள் வரை விட்டுவிட்டு வாழ்கிறது. அதிகமாக இருப்பது கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில். ஆனைமலை, வால்பாறைப் பக்கமும் நன்றாக இருக்கிறது. நீலகிரியில் முக்குருத்தியை ஒட்டிய பாறை விளிம்புகளில்தான் பார்க்கலாம்.

உறவுமுறையும் எதிர்பாராதது. இமயமலையில் இதைப் போலவே தோற்றமளிக்கும் ஒரு விலங்கு இருப்பதால் நெடுங்காலம் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள். மரபணுவை ஆராய்ந்தபோது, வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் வரையாடு நெருக்கம் என்று தெரிந்தது. 2005இல் இதைத் தனிப் பேரினமாகவே பிரித்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டின் மாநில விலங்கு இது. 2022 டிசம்பரில் இதற்கென்று தனித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகளும், 2025இல் 1,303 வரையாடுகளும் பதிவாயின. ஓராண்டில் இவ்வளவு பெருகிவிட்டது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கெடுத்த இடங்கள் கூடினாலும் எண் கூடும். வேட்டை பெரும்பாலும் நின்றுவிட்டது. இன்றைய பெரிய கவலை புல்வெளி சீகையால் மூடப்படுவதும், கூட்டங்கள் ஒன்றையொன்று சந்திக்க முடியாமல் துண்டுபடுவதும்தான். பக்கத்தில் வந்து நிற்கும் வரையாட்டுக்குப் பிஸ்கட் நீட்டாதீர்கள். மனிதர்கள்மேல் அச்சம் போவது அதற்கு நல்லதல்ல.

குறிஞ்சி என்றாலே 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பதுதானே?

நீலக்குறிஞ்சி அப்படி. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, அந்தக் கணக்கில் அடுத்த பெரும் பூப்பு 2030. ஒரே ஒரு முறை பூத்து, விதையைப் போட்டுவிட்டுச் செடி இறந்துவிடும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் குறிஞ்சி இனங்கள் பல உண்டு. ஆண்டுதோறும் பூப்பவையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பவையும் இருக்கின்றன. நீலக்குறிஞ்சியிலும் எல்லாக் குன்றுகளும் ஒரே ஆண்டுக் கணக்கில் இல்லை. இடையில் எங்காவது ஒரு சரிவில் பூக்கும். அந்த மாதிரிச் செய்தி வந்தால் பொய் என்று நினைக்க வேண்டாம். அங்கே போய்ச் செடியை மிதிப்பதும் கொத்தாகப் பறிப்பதும்தான் தப்பு. விதை விழாவிட்டால் அந்தச் சரிவில் அடுத்த தலைமுறை கிடையாது.

கருஞ்சிறுத்தை தனி இனமா?

இல்லை. சாதாரணச் சிறுத்தைதான். கறுப்பு நிறமி கூடுதலாகச் சுரக்க வைக்கும் மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் சேர்ந்து வந்தால் குட்டி கறுப்பாகப் பிறக்கும். புள்ளிச் சிறுத்தைக்கு ஒரே ஈற்றில் ஒரு கறுப்புக் குட்டியும் ஒரு புள்ளிக் குட்டியும் பிறக்கலாம். வெயில் சாய்வாக விழும்போது கறுப்புத் தோலிலும் புள்ளிகள் தெரியும். ஆக்ரோஷம் கூடுதல் என்பதெல்லாம் கட்டுக்கதை.

யானைகள் ஏன் ஊருக்குள் வருகின்றன? காட்டில் சாப்பாடு இல்லையா?

சாப்பாட்டுப் பற்றாக்குறை ஒரு பகுதிதான். முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். சீகூர் சமவெளி மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் குறுகலான நிலம். ஒரு பக்கம் நீலகிரியின் செங்குத்துச் சரிவு, மறுபக்கம் மாயாற்றுப் பள்ளம். முதுமலை, பந்திப்பூர், வயநாட்டிலிருந்து சத்தியமங்கலம் போகும் யானைக்கு நடுவில் இருக்கும் இந்த நிலம்தான் வழி. வறட்சியில் எந்தப் பக்கம் தண்ணீர் கிடைக்கும், மழைக்குப் பின் எங்கே புல் துளிர்க்கும் என்பதைக் கூட்டத்தின் மூத்த பெண் யானை அறிந்து வைத்திருக்கும். அதன் பின்னால் குட்டிகள் நடந்து பழகும். அந்த வழியில் விடுதியும் மின்வேலியும் வந்தபோது யானைகள் வழியை விடவில்லை; விடவும் முடியாது, சுற்றிப் போக வேறு நிலமில்லை.

தமிழ்நாடு அரசு 2010இல் இந்த வலசைப் பாதையை அறிவித்தது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2018இல், பல விடுதிகளுக்கு சீல் வைக்கப்பட்டது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து மூன்று மாதம் கழித்து, 2021 ஜனவரியில், மசினகுடியில் ஒரு யானையின் மேல் எரியும் டயரை வீசினார்கள். அது இறந்துபோனது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கூடலூர் நிலைமை வேறு. அங்கே காடும் தோட்டமும் குடியிருப்பும் பின்னிப்பிணைந்து கிடக்கின்றன. யானைக்கும் தொழிலாளிக்கும் ஒரே தடம். விடிகாலையில் வேலைக்கு நடந்து போகிறவர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 'யானை பாவம்' என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது. தெருவிளக்கு, வீட்டுக் கழிப்பறை, யானை நடமாட்டத்தை உடனுக்குடன் சொல்லும் ஏற்பாடு இவையெல்லாம் அந்த மக்களுக்குக் கிடைப்பதும் யானைப் பாதுகாப்பில் சேர்ந்ததுதான்.

பலாப்பழ சீசனில் சமவெளியிலிருந்து பர்லியாறு, குன்னூர்ச் சரிவுகளுக்கு யானைகள் ஏறி வருவது ஆண்டுதோறும் நடப்பது. குன்னூர் சாலையில் யானையைப் பார்த்தால் வண்டியைத் தொலைவிலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள்.

குன்னூர், கோத்தகிரியில் காட்டெருமைகள் தெருவிலேயே நிற்கின்றன. பழகிவிட்டனவா?

பார்க்கச் சாதுவாக நிற்கும். கடா ஒன்று ஒரு டன் எடை வரை இருக்கும். மிரண்டால் முன்னால் நிற்பவர் பிழைப்பது கடினம். பெயர் எப்படி இருந்தாலும் இது எருமை இனத்தில் சேராது, மாட்டு இனம். தேயிலைக்கு நடுவே வளரும் புல்லுக்காகத் தோட்டத்துக்குள் வருகிறது. காட்டுக்குள் உண்ணிச்செடி மண்டி மேய்ச்சல் குறைந்ததும் ஒரு காரணம். செல்ஃபி எடுக்க நெருங்குவதுதான் பெரும்பாலான விபத்துகளின் தொடக்கம். கரடியும் அப்படித்தான். கோயில் விளக்கு எண்ணெய்க்காகக் கதவை உடைத்து உள்ளே போகும் கரடிகள் கோத்தகிரிப் பக்கம் புதுமையே இல்லை. கடவுள் காரியம் என்று பக்கத்தில் போகாதீர்கள்.

புலி இருக்கும் காட்டை ஒட்டி வாழ்ந்தால், புலி மனிதனைத் தேடி வருமா?

முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு சேர்ந்த காடு உலகிலேயே புலிகள் மிக அதிகமாக வாழும் இடங்களில் ஒன்று. அவற்றில் பெரும்பாலானவை மனிதனைக் கண்டால் விலகிப் போகும். 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி23 என்ற ஆண் புலி, வயதாகி உடலில் காயங்களோடு இருந்தது. வாரக்கணக்கில் தேடி அக்டோபரில் உயிரோடு பிடித்தார்கள். அந்த ஒரு புலியை வைத்து மற்றவற்றை எடைபோடக் கூடாது. பலியான குடும்பங்களின் துயரத்தையும் அதற்காகக் குறைத்துப் பேசக் கூடாது.

கருங்குரங்கு லேகியம் ஆஸ்துமாவுக்கு நல்லதாமே?

அதில் எந்த மருத்துவப் பலனும் இல்லை. கருமந்தி என்கிற நீலகிரிக் கருங்குரங்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது. இந்த ஒரு பொய்க்காகப் பல இடங்களில் ஏறக்குறைய துடைத்தெடுக்கப்பட்டது. கொல்வதும் விற்பதும் வாங்குவதும் சிறைக்குரிய குற்றம். யாராவது விற்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். மூச்சிரைப்புக்கு நல்ல மருந்துகள் அரசு மருத்துவமனையிலேயே இருக்கின்றன.

பிணந்தின்னிக் கழுகு அபசகுனம், ஆடுமாடுகளைத் தூக்கிவிடும் என்கிறார்களே?

பாறுக் கழுகு உயிருள்ள கால்நடையை வேட்டையாடாது. இறந்ததைத் தின்று நோய் பரவாமல் தடுக்கிறது. 1990களில் இந்தியா முழுக்க இவை அழிந்ததற்குக் காரணம் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபீனாக் என்ற வலிநிவாரணி. அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்தது. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006இல் தடை செய்யப்பட்டது. மாயாற்றுப் பள்ளத்தாக்கு தென்னிந்தியாவில் இவற்றுக்கு எஞ்சிய முக்கியமான புகலிடம். வெண்முதுகுப் பாறு ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது. புலி கொன்ற மாட்டுக்கு விஷம் வைத்தாலும் கடைசியில் சாவது கழுகுதான். மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு தாமதமில்லாமல் கிடைத்தால் விஷம் வைக்கும் எண்ணமே வராது.

உண்மையான சோலையைப் பார்க்க எங்கே போகலாம்?

கோத்தகிரியில் லாங்வுட் சோலை இருக்கிறது. 116 ஹெக்டேர்தான், ஆனால் சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் கிளம்புகிறது. 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. முன்கூட்டியே வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் போங்கள், பாட்டுப் போடாதீர்கள், மழைக்காலம் என்றால் அட்டைக்கு உப்போ வேப்பெண்ணெயோ எடுத்துக்கொள்ளுங்கள். அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டியில்தான் போக முடியும். பருவமழை நாட்களில் மூடியிருக்கும், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.